காற்றுப் போகாத பெட்டி

பொட்டல்குளம் தெற்குத்தெருவில் வளர்பிறை நற்பணி மன்றம் என்று ஒன்று நடந்துகொண்டிருந்தது. மொத்தம் நாலு பேர். பலவேசம் தலைவர், கொம்பையா செயலாளர், குத்தாலிங்கம் பொருளாளர். மிச்சமிருந்த ஊய்க்காட்டான் உறுப்பினர். மூன்று பேர் சேர்ந்து ஒரே ஆளை நிர்வாகம் செய்வது லேசுப்பட்ட காரியமில்லை என்பது பலவேசத்தின் அபிப்பிராயம். அதனால் வாரம் ரெண்டு கூட்டம் போடுவார்கள். தீர்மானம் எதுவானாலும் ஒருமனதாகத்தான் நிறைவேறும். கையைத் தூக்கச் சொன்னால் ஊய்க்காட்டான் ரெண்டு கையையும் தூக்கிவிடுவான்.

பலவேசத்துக்கு ஒரு மனக்குறை இருந்தது. வருஷா வருஷம் ஆடி மாத அம்மன் கொடையில் வரவேற்புரை அவர்தான் ஆற்றுவார். சித்திரையிலேயே எழுத ஆரம்பித்து, நாற்பது பக்க நோட்டை நிரப்பி, வீட்டில் மாட்டுக்கு முன்னால் நின்று பேசிப் பழகுவார். ஆனால் கொடையன்றைக்கு வடக்குத்தெருக்காரர்கள் கோயிலுக்கு அந்தப் பக்கம் ஆள் உயரப் பெட்டிகளை அடுக்கிப் பாட்டுப் போட்டுவிடுவார்கள். தெற்குத்தெருவின் குழாய் ஸ்பீக்கர் அந்த இரைச்சலுக்கு நடுவில் கொசு மாதிரி முனகும். போன வருஷம் ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு மேடையை விட்டு இறங்கினார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாள், "கிடா கடைசியில யாருக்கு ஏலம் போச்சு அண்ணாச்சி?" என்று கேட்டாள். பலவேசம் வீட்டுக்குப் போய்ச் சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இந்த வருஷம் அப்படி விடுவதாக இல்லை. நாலு பேரும் டவுனுக்குப் போனார்கள். அங்கே மைக்செட் ரிப்பேர் பார்க்கும் மரியதாஸ், வெளியூர்த் திருவிழா வேலைக்குப் புறப்பட்டு ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, மூலையில் கிடந்த பழைய பதினைந்து இஞ்சு ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"பெட்டியை நீங்களே செஞ்சுக்கிடுங்க அண்ணாச்சி. ஒண்ணும் பெரிய வித்தையில்ல. நல்ல கனமான பலகையா எடுங்க. பெட்டி பெருசா இருந்தாத்தான் சத்தம் கும்முனு வரும். மூட்டுல பசை போட்டு ஆணி அடிங்க, காத்து ஒரு பொட்டு வெளிய போகப்படாது. முன்பக்கம் கீழ ஒரு ஓட்டை விடுங்க, கை நுழையற அளவுக்கு. ஸ்பீக்கரை உள்ள இருந்து முடுக்கணும். அப்புறம் கறுப்புப் பெயிண்டு. ரெண்டு கோட்டு அடிச்சா போதும். நெழல்ல காயப்போடுங்க. காயுற வரைக்கும் யாரும் கை வைக்கப்படாது."

கொம்பையா எல்லாவற்றையும் மன்றத்து மினிட் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். "ஒரு எழுத்து மாறாம எழுதியாச்சு" என்றார்.

"மாறாம செஞ்சாலே போதும்" என்று சொல்லிவிட்டு மரியதாஸ் பஸ் ஏறினார். வாழ்க்கையில் அவர் யோசிக்காமல் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான்.

முதலில் பலகை. மரக்கடையில் பிளைவுட்டைக் காட்டினார்கள். குத்தாலிங்கம் அதை ஒரு முனையில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"தலைவரே, இது தூக்க வருதே. தூக்க வந்தா அது எப்படிக் கனமான பலகை?"

பலவேசத்துக்கு அது நியாயமாகப் பட்டது. தூக்க முடியாத பலகையாகத் தேடினார்கள். பின்கட்டில் ஒன்று அகப்பட்டது. நாலு பேரும் சேர்ந்து தூக்கியும் அசையவில்லை. எல்லோருக்கும் பரம திருப்தி. ஆனால் தூக்க முடியாததால் அதைக் கொண்டுவர முடியவில்லை.

திரும்பி வந்து கவலையோடு மன்றத்து வாசலில் உட்கார்ந்திருந்தபோதுதான் பலவேசத்தின் கண்ணில் மன்றத்துக் கதவு பட்டது. தேக்கு, ரெட்டைக் கதவு. அன்றைக்கே கழற்றிவிட்டார்கள். கூடவே பெஞ்சுப் பலகையும் கேரம் போர்டும் சேர்ந்தன. அதற்குப் பிறகும் குத்தாலிங்கம் தினமும் நிலையில் பூட்டைத் தொங்கவிட்டுப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டு போவார். அவர் வந்து திறக்கிற வரைக்கும் மற்ற மூன்று பேரும் வெளியே காத்திருப்பார்கள்.

ஒரு வாரத்தில் பெட்டி எழுந்தது. படுக்கப்போட்ட பீரோ மாதிரி இருந்தது. மேல்மூடி மட்டும் பாக்கி. கொம்பையா மினிட் புத்தகத்தைப் பிரித்து அடுத்த வரியை வாசித்தார்.

"காத்து ஒரு பொட்டு வெளிய போகப்படாது."

"எந்தக் காத்து?" என்றார் குத்தாலிங்கம்.

கொம்பையா அந்த வரியை விரலால் தொட்டு மறுபடி படித்துப் பார்த்தார்.

"உள்ள இருக்கற காத்துதான்."

"இப்ப உள்ள இருக்கறது நம்ம தெருச் சாக்கடைக் காத்துல்லா. அதையா காலம்பூரா பூட்டி வைக்கப்போறோம்? தலைவர் பேச்சு அந்த நாத்தத்தோடயா வெளிய வரணும்?"

பலவேசம் குத்தாலிங்கத்தை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருஷம் இந்த ஆளைப் பொருளாளராக மட்டும் வைத்திருந்தோமே என்று வருத்தப்பட்டார். கொடையன்று காலையில் பெட்டியைக் குளத்துக்கரைக்குக் கொண்டுபோய், மலைப்பக்கமிருந்து வருகிற சாரல் காற்றைப் பிடித்து அடைப்பதென்று தீர்மானமாயிற்று.

கொடையன்று காலையில் காய்கறிக்காரரின் தள்ளுவண்டியில் பெட்டியை ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோய், சாய்த்து, மூடியில்லாத வாயை மேற்கே பார்க்க வைத்தார்கள். நல்ல காற்று.

"நெறஞ்சிருச்சா?" என்று கேட்டார் பலவேசம்.

ஊய்க்காட்டான் உள்ளே கையை விட்டுத் துழாவினான். "இன்னும் கொஞ்சம் எடம் கெடக்கு தலைவரே."

கால் மணி நேரம் நின்றுவிட்டுப் பெட்டியை நிமிர்த்தினார்கள். மூடியைத் தூக்கிய சமயத்தில் கொம்பையா, "ஸ்பீக்கரை உள்ள இருந்து முடுக்கணும்னு அடுத்த வரி இருக்கு" என்றார். முடுக்கிவிட்டு மூடலாமென்றால் அதற்குள் பிடித்த காற்று போய்விடும். ஆகவே ஊய்க்காட்டானையும் ஸ்பீக்கரையும் திருப்புளியையும் உள்ளே இறக்கி, மேலே மூடியை வைத்துப் பசை போட்டு, இருபத்துநாலு ஆணி அடித்தார்கள். உள்ளே திருப்புளி கிறீச் கிறீச் என்று திரும்புகிற சத்தம் கேட்டது. உள்ளே இருந்து முடுக்குவதென்றால் ஸ்பீக்கரின் முகமும் உள்ளே பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்று ஊய்க்காட்டான் தானாகவே முடிவு செய்துகொண்டான். அவன் தானாக ஒரு முடிவெடுத்தது அதுதான் முதல் தடவை.

பிறகு பெட்டிக்குள்ளிருந்து தட்டுகிற சத்தம்.

"முடிஞ்சுது தலைவரே. வெளிய வரட்டா?"

கரையிலேயே அவசரக் கூட்டம் போட்டார்கள்.

"தெறந்தா காத்து போயிரும்" என்றார் கொம்பையா.

"தெறக்காட்டா ஊய்க்காட்டான் போயிருவான்" என்றார் குத்தாலிங்கம்.

"கீழதான் ஓட்டை இருக்கே, மூச்சு விடுவான்."

"அப்ப அந்த ஓட்டை வழியா காத்து வெளிய போகாதா?"

இது சிக்கலான இடம். பலவேசம் கண்ணை மூடி யோசித்தார். "காத்து வெளிய போகப்படாதுன்னு சொன்னவருதான் ஓட்டையும் விடச் சொல்லியிருக்காரு. அப்படின்னா அது உள்ள வாறதுக்கு மட்டும் உள்ள ஓட்டை" என்றார். ஓட்டைக்கு மேலே கரிக்கட்டியால் ஒரு அம்புக்குறி போட்டு 'உள்ளே மட்டும்' என்று எழுதினார்கள்.

"அப்ப நான் மூச்சை வெளிய விடப்படாதா?" என்று உள்ளிருந்து கேட்டான் ஊய்க்காட்டான்.

"தாராளமா விடு. பெட்டிக்குள்ளயே விடு. எலே, சாயங்காலம் வரைக்கும் தெறக்கவேண்டாம்னு தீர்மானம். உன் ஓட்டு என்ன?" என்று கேட்டார் பலவேசம்.

"மத்தவுக எல்லாம் என்ன சொல்லுதீய?"

"எல்லாரும் ஆமான்னுட்டோம்."

"அப்ப நானும் ஆமா. கை தூக்க எடமில்ல. தூக்குனதா எழுதிக்கிடுங்க."

கொம்பையா எழுதிக்கொண்டார். அடைபட்டவனே ஒப்புக்கொண்ட பிறகு மற்றவர்கள் மறுத்துப் பேச என்ன இருக்கிறது?

அடுத்தது பெயிண்ட். பெட்டியைத் தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். காய்கறிக்காரர் பெட்டிக்குள் யாரோ தும்முவதைக் கேட்டார். பலவேசத்தின் முகத்தைப் பார்த்தார். வண்டியை வேகமாகத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

"ரெண்டு கோட்டு அடிச்சா போதும்" என்று வாசித்தார் கொம்பையா. "கோட்டுன்னா மாப்பிள்ளை போடுறது. ரெண்டு பேரு கோட்டு போட்டுக்கிட்டு அடிக்கணும். டவுன்ல அப்படித்தான் செய்வாங்க போல."

"அது கோட்டு இல்ல, கோடு" என்றார் குத்தாலிங்கம். "ரெண்டு கோடு இழுத்தா போதும்ங்காரு. சிக்கனமான ஆளு."

"எழுதியிருக்கறது கோட்டு."

"எழுதுனது நீருதானே."

வாக்குவாதம் முற்றி, குத்தாலிங்கம் ராஜினாமா வரைக்கும் போய்விட்டார். பலவேசம் ரெண்டு கையையும் உயர்த்தி அமைதிப்படுத்தினார். ரெண்டு பேர் சொல்வதையும் செய்துவிட்டால் எப்படியும் ஒன்று சரியாக இருக்கும் என்றார். இப்படிப்பட்ட சமயங்களில்தான் தான் ஏன் தலைவர் என்பது அவருக்கே விளங்கும். வைகாசியில் கல்யாணம் முடித்த வாத்தியார் மகனிடம் சந்தனக் கலர் கோட்டு ஒன்றும், வக்கீல் குமாஸ்தா வீட்டில் பழைய கோட்டு ஒன்றும் இரவல் வாங்கினார்கள். பலவேசமும் கொம்பையாவும் ஆளுக்கொன்றை மாட்டிக்கொண்டு, வேர்வை வழிய, அத்தனை பெரிய பெட்டியைச் சுற்றி மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக ரெண்டே ரெண்டு கறுப்புக் கோடு இழுத்தார்கள். மிச்ச டப்பாவை மூடி வைத்தார்கள்.

நிழலில் காய வேண்டும். தண்ணீர்த்தொட்டியின் நிழல் பெட்டி மேல்தான் விழுந்திருந்தது. ஆனால் அரை மணி நேரத்தில் நிழல் நகர ஆரம்பித்துவிட்டது.

"தலைவரே, நெழல் போகுது."

"பெட்டியை நகத்துங்க."

"கை வைக்கப்படாதுன்னு இருக்கே."

பலவேசம் யோசித்தார். "முதுகு வைக்கப்படாதுன்னு இல்ல" என்றார்.

மூன்று பேரும் பெட்டிக்கு முதுகைக் கொடுத்து, காலை ஊன்றித் தள்ளினார்கள். நிழல் நகர நகரப் பெட்டியும் நகர்ந்தது. உள்ளே ஊய்க்காட்டான் ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு பக்கமாக உருண்டு, "இப்ப எங்க போறோம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அந்த வழியாகக் குடை பிடித்துக்கொண்டு வந்த தபால்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"ஒரு குடையை விரிச்சு மேல வச்சா என்ன?"

"மழையே இல்லையே" என்றார் பலவேசம். தபால்காரர் நல்ல வெயிலில் குடையோடு போவதைப் பார்த்து, அரசாங்க உத்தியோகத்தில் எப்படிப்பட்ட ஆட்களை எல்லாம் வைத்திருக்கிறார்கள் என்று கொம்பையாவிடம் வருத்தப்பட்டார்.

நாலு மணிக்குக் குத்தாலிங்கம் பெட்டியை உற்றுப் பார்த்து, "பெயிண்ட் காஞ்சிருச்சு" என்றார். உண்மைதான். ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஒரு பொட்டுப் பெயிண்டும் இல்லை. ரெண்டு கோடும் ஒழுங்காகச் சந்தனக் கோட்டு முதுகிலும் வக்கீல் கோட்டு முதுகிலும் குத்தாலிங்கத்தின் சட்டை முதுகிலும் ஏறியிருந்தன. மூன்று பேரும் ஒருவர் முதுகை ஒருவர் பார்க்காததால் பெட்டி பெயிண்டை நன்றாகக் குடித்துவிட்டது என்று முடிவுக்கு வந்தார்கள்.

சாயங்காலம் பெட்டியைக் கோயில் முன்னால் கொண்டுபோய் வைத்து, ஆம்பிளிஃபயர் ஒயரை ஓட்டை வழியாக உள்ளே விட்டார்கள். ஒயர் உள்ளே போவதுதான், விதிக்கு விரோதமில்லை.

"எலே, செவப்பைச் செவப்போட சேரு, கறுப்பைக் கறுப்போட சேரு" என்றார் பலவேசம்.

"இங்க எல்லாமே கறுப்பாத்தான் இருக்கு தலைவரே."

எப்படியோ சேர்த்துவிட்டான். அந்தப் பக்கம் வடக்குத்தெருப் பெட்டிகள் இடி மாதிரி முழங்கின. பலவேசம் கோட்டைச் சரிசெய்துகொண்டு, நோட்டைப் பிரித்து, மைக்கைத் தட்டினார். இந்த வருஷமும் கேட்காவிட்டால் தலைமைப் பதவியையே விட்டுவிடுவது என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தார்.

பேச ஆரம்பித்தார். சத்தம் முழுக்க உள்ளே பார்த்திருந்த ஸ்பீக்கர் வழியாக ஊய்க்காட்டானின் முகத்தில் அடித்தது. வெளியே ஒன்றும் வரவில்லை. ஆனால் காது அடைத்துப் போனவன் எப்படிக் கத்துவானோ அப்படி ஊய்க்காட்டான் கத்தினான். தன் பேச்சு வெளியே கேட்கிறதா என்று தலைவருக்குக் கவலையாக இருக்கும், நாம்தான் தெரிவிக்க வேண்டும் என்பது அவன் எண்ணம். மைக்கில் பலவேசம் எச்சில் தொடுகிற சத்தம்கூட ஸ்பீக்கர் வழியாக அவனுக்கு இடியாக விழுந்தது. கனத்த தேக்குப் பெட்டிக்குள் அவன் குரல் முட்டி மோதி, ஓட்டை வழியாகக் கும்மென்று கிளம்பியது.

"கேக்குது தலைவரே. நல்லாக் கேக்குது. இப்ப தொண்டையைக் கனைக்காரு."

கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"பெரியோர்களே தாய்மார்களேன்னுட்டாரு. இதோட மூணாவது தடவை. பக்கத்தைத் திருப்புதாரு. எச்சி தொட்டுத் திருப்புதாரு. ரெண்டு பக்கம் ஒட்டிக்கிட்டு வந்துருச்சு, அவருக்குத் தெரியல. இப்ப பேசுறதுக்கும் முன்ன பேசுனதுக்கும் சம்பந்தமே இல்ல."

பெண்கள் பக்கம் முதலில் சிரித்தது. பிறகு ஆண்கள்.

"தண்ணித்தொட்டி கட்டுனது நாந்தாங்காரு. அது இவரு பொறக்கறதுக்கு முந்தியே இருக்கு. எங்க ஐயா சொல்லியிருக்காரு. இப்ப தண்ணி குடிக்காரு. பள்ளிக்கூடம் வந்ததும் இவராலதானாம். இவரு அங்க அஞ்சாப்பு தாண்டல."

வடக்குத்தெருவில் பாட்டை நிறுத்திவிட்டார்கள். ஆட்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் ஓடிவந்தார்கள். பலவேசம் மேடையிலிருந்து பார்த்தார். முன்னூறு பேர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள், கண்ணைத் துடைக்கிறார்கள், இன்னும் இன்னும் என்கிறார்கள். அவர் உடம்பெல்லாம் புல்லரித்தது. பாட்டு நின்ற பிறகு பெட்டியிலிருந்து வந்த குரல் அவர் காதிலும் விழத்தான் செய்தது. சொல்வதெல்லாம் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. பெரிய பெட்டி வழியாக வந்தால் தன் குரல் அப்படித்தான் மாறி வரும்போல என்று நினைத்துக்கொண்டு, இன்னும் உற்சாகமாகக் கையை ஆட்டினார்.

"முடிச்சிட்டாரு. அம்மா தாயே, முடிச்சிட்டாரு" என்று பெட்டி சொன்னபோது எழுந்த கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.

பேச்சியம்மாள் எழுந்துவந்து கும்பிட்டாள். "அண்ணாச்சி, இந்த வருஷம்தான் நீங்க உள்ளதை உள்ளபடி பேசுனீய."

பலவேசத்துக்குக் கண் கலங்கியது.

வேலை முடிந்துவிட்டதால், காற்று போனால் போகட்டும் என்று மூடியைப் பெயர்த்து ஊய்க்காட்டானை வெளியே எடுத்தார்கள். மறுநாள் சாயங்காலம் நன்றியுரை. அதையும் பலவேசம்தான் ஆற்றவேண்டும். வடக்குத்தெரு ஆட்கள் காலையிலேயே வந்து துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டுப் போயிருந்தார்கள். மறுபடி மூடியை அடித்துச் சோதித்துப் பார்த்தார் பலவேசம். பெட்டி வாயைத் திறக்கவில்லை. தட்டினார், சாய்த்தார், கற்பூரம் காட்டினார். ம்ஹும்.

வெளியூரிலிருந்து அன்று காலையில்தான் திரும்பியிருந்தார் மரியதாஸ். பெட்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய் அவர் கடை வாசலில் இறக்கினார்கள்.

"நேத்து வரைக்கும் ஊரே கேட்டுச்சு மரியதாஸு. காலையில பாத்தா மூச்சே இல்ல" என்றார் பலவேசம்.

மரியதாஸ் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். 'உள்ளே மட்டும்' என்று எழுதியிருந்ததைப் படித்தார். மூடியைத் திறந்து ஸ்பீக்கர் பார்த்திருந்த திசையைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நேத்து இதுக்குள்ள என்ன இருந்துச்சு?"

"ஊய்க்காட்டான் இருந்தான்."

"இப்ப?"

"எறக்கிட்டோம். கனமா இருந்துச்சுல்லா."

"கடைசியா உள்ள இருந்தது நாந்தான்" என்றான் ஊய்க்காட்டான் கவலையோடு. "நான் வெளிய வாற வரைக்கும் நல்லாத்தான் வேலை செஞ்சுது. நான் எதையும் எடுக்கல."

கொம்பையா சந்தேகத்துக்கு அவன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். திருப்புளி மட்டும்தான் இருந்தது.

மரியதாஸ் நாலு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அண்ணாச்சி, உள்ள ஆள் இல்லாம இந்தப் பெட்டி பேசாது."

பலவேசம் தலையை ஆட்டினார். இப்போதுதான் கோளாறு பிடிபட்டது. "அப்படியா. எத்தனை வாட்டு ஆளு போடணும்?"

இருபது வருஷத் தொழிலில் மரியதாஸை யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அவர் எழுந்துபோய்ச் சுத்தியலை எடுத்துவந்தார். பிறகு, "வாட்டைக் கூட்டணும்னா நாலு பேருமே எறங்கிருங்க" என்றார்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நாலு பேரும் உள்ளே இறங்கி, முழங்காலை மடக்கிக்கொண்டு, ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்து உட்கார்ந்தார்கள். மூடியை மரியதாஸே சாத்தி ஆணி அடித்தார். அவர் அத்தனை சந்தோஷமாக ஒரு வேலை செய்து அவர் பெண்டாட்டி பார்த்ததில்லை. டெம்போக்காரர் பெட்டியைக் கொண்டுபோய்க் கோயில் முன்னால் வைத்தார்.

சாயங்காலம் ஊரே திரண்டு உட்கார்ந்திருந்தது. மேடை காலி. மைக்குக்கு முன்னால் யாரும் இல்லை. பெட்டியிலிருந்து முதலில் ஒரு இருமல் வந்தது.

"எல்லாரும் இருக்கீகளா? அப்ப கூட்டத்தை ஆரம்பிச்சிருவோம். நேத்து இம்புட்டுப் பேரு வந்தது என் பேச்சுக்கா, பெட்டிக்கான்னு ஒரு சந்தேகம் இருக்கு."

"பெட்டிக்குத்தான் தலைவரே. ஆனா அதை வெளிய சொல்லப்படாது. மன்றத்துக்குக் கேவலம்."

"எனக்கு நேத்துல இருந்து காது அடைச்சிருக்கு. சத்தமாச் சொல்லுங்க."

"வெளிய சொல்லப்படாதுன்னேன்."

"நல்ல யோசனை. எழுதிக்கிடும் செயலாளரே. நாம இங்க பேசுறது நம்ம நாலு பேரைத் தவிர ஊர்ல ஒரு ஈ காக்காவுக்கும் தெரியக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம்."

"சம்மதம்."

"இன்னும் சத்தமா."

"சம்மதம்" என்று நாலு பேரும் சேர்ந்து சொன்னது கோயில் கோபுரத்துப் புறாக்களைக் கலைத்துவிட்டது. வடக்குத்தெரு எழுந்து நின்று கை தட்டியது.

"வெளிய ஏதோ சத்தம் கேக்கே?" என்றது பெட்டி.

"மழை பெய்யுது போல தலைவரே. நல்லவேளை, நாம உள்ள இருக்கோம்."